கத்தம் ஓதியாச்சு, கடன் கொப்பி எங்கே?

கிண்ணியாக் காற்று எழுதியது:

அஸ்ஸலாமு அலைக்கும். நோன்பு முடிந்து ஷவ்வாலும் பாதி போய்விட்டது. எங்கள் பக்கத்தில் இன்னும் ஓடுகிற பேச்சு, யார் எத்தனை கத்தம் (குர்ஆனை முழுக்க ஓதுவது) முடித்தார், எந்தப் பள்ளிவாசலில் தராவீஹ் என்ற இரவுத் தொழுகையில் ஓதிய ஹாபிழ் (குர்ஆனை மனனம் செய்தவர்) ஓரிடத்திலும் தடுக்காமல் 30 ஜுஸ்உவையும் (பாகங்களையும்) ஓதினார் என்பதுதான். நல்ல பேச்சு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அதே மாதத்தில் நெல் வாங்குகிற இடங்களில் நடந்ததைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

இந்தச் சில வருடங்களாக நோன்பும் பெரும்போக அறுவடையும் ஒன்றாக வந்து விழுகின்றன. வயலில் இருந்து சாக்கு வருகிறது, தராசில் ஏறுகிறது. ஈரத்துக்கு இவ்வளவு, பதருக்கு இவ்வளவு, வெறும் சாக்குக்கு இவ்வளவு என்று கழிவு. ஈரம் பார்க்கிற கருவி மேசை லாச்சிக்குள் இருக்கும், வெளியே வராது. வியாபாரி இரண்டு மணியை எடுத்துப் பல்லில் கடித்துவிட்டு "ஈரம் காக்கா (அண்ணே)" என்பார். வீதியில் மூன்று வெயில் காய்ந்த நெல்லுக்கும் அதே கழிவுதான். அவரே அரிசி விற்கும்போது மட்டும் சாக்கின் எடை அரிசியோடு சேர்ந்துவிடும். அஸருக்குப் பாங்கு சொன்னால் முதல் ஸப்பில் (வரிசையில்) நிற்பவரும் அவரே.

30வது ஜுஸ்உவில் இருக்கிறது ஸூரா முதஃப்பிபீன். மக்களிடம் அளந்து வாங்கும்போது நிறைவாக வாங்கி, அளந்தோ நிறுத்தோ கொடுக்கும்போது குறைக்கிறவர்களுக்குக் கேடு என்று தொடங்குகிறது (83:1-3). இந்த ஆயத்துக்கு (வசனத்துக்கு) விரிவுரை தேவையா? நெல் கடைக்கு முன்னால் கால் மணி நேரம் நின்றால் போதாதா?

ஷுஐப் நபி மத்யன் வாசிகளிடம் அளவையும் நிறுவையையும் சரியாகச் செய்யச் சொன்னபோது அவர்கள் கேட்ட கேள்வியும் குர்ஆனில் இருக்கிறது. எங்கள் பொருளில் நாங்கள் விரும்பியபடி செய்யக் கூடாது என்று உம்முடைய தொழுகையா உம்மை ஏவுகிறது என்றார்கள் (11:87). தொழுகையைத் தொழுகையாக வைத்துக்கொள், வியாபாரத்துக்குள் கொண்டுவராதே என்பதுதான் அதன் சாரம். இன்றைக்கும் கடைத்தெருவில் அதையேதான் சொல்கிறார்கள், கொஞ்சம் மரியாதையாக.

சும்மா குறை மட்டும் சொல்லிப் போகாமல் ஒரு யோசனையும் வைக்கிறேன். குர்ஆனிலேயே நீளமான ஆயத் எது? தொழுகை பற்றியதல்ல, நோன்பு, ஹஜ் பற்றியதுமல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றிய ஆயத் (2:282). மதீனாவில் அச்சாகும் முஸ்ஹபில் (குர்ஆன் பிரதியில்) ஒரு முழுப் பக்கத்தை அது ஒன்றே பிடித்திருக்கிறது. அந்தப் பக்கத்தை எல்லாரும் ஓதியிருக்கிறோம். நமக்குள் எத்தனை வீட்டில் கடன் கொப்பி இருக்கிறது?

ஓதல்காரன் எழுதியது:

வஅலைக்குமுஸ்ஸலாம் காக்கா. நெல் கடையைப் பற்றிச் சொன்னது சரி. ஆனால் இப்படிப் பேச்சு தொடங்கினால் கடைசியில் "அர்த்தம் தெரியாமல் ஓதி என்ன பிரயோசனம்" என்பதில்தான் போய் முடியும். அதில் எனக்கு உடன்பாடில்லை.

என் உம்மும்மாவுக்கு (உம்மாவின் உம்மா) தமிழ் எழுத்துக்கூட வாசிக்கத் தெரியாது. அறபு எழுத்தை மட்டும் சின்ன வயதில் ஒரு லெப்பையிடம் படித்தவர். சுபஹுக்குப் பிறகு யாஸீன், வெள்ளிக்கிழமை கஹ்ஃபு, விரலை வரிக்கு வரி வைத்து இழுத்து இழுத்து ஓதுவார். திக்கித் திக்கி ஓதுகிறவருக்கு இரண்டு கூலி என்று புகாரி, முஸ்லிம் என்ற இரு ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புகளிலும் இருக்கிறது. ஓர் எழுத்துக்குப் பத்து நன்மை என்று திர்மிதி தொகுப்பில் வருகிறது. இதெல்லாம் ஓதுவதற்குச் சொன்ன கூலி. அந்த மனுஷியின் ஓதலை "வெறும் ஓதல்" என்று தள்ளிவிட எனக்கு மனம் வராது.

தராசில் ஏமாற்றுகிறவன் ஓதாவிட்டாலும் ஏமாற்றத்தான் செய்வான். ஓதலை ஏன் இழுக்கிறீர்கள்?

கிண்ணியாக் காற்று எழுதியது:

உங்கள் உம்மும்மாவை யார் தம்பி தள்ளினார்கள்? அவர் யாரையாவது நிறுத்து ஏமாற்றினாரா? நான் பேசுவது அர்த்தம் தெரிந்தவர்களைப் பற்றி. தர்ஜுமா (மொழிபெயர்ப்பு) கைபேசியிலேயே இருக்கிறது, ஜும்ஆவில் வாரா வாரம் தமிழில் பயான் கேட்கிறோம். தெரியாது என்று சொல்ல இந்தத் தலைமுறைக்கு வழியில்லை.

மூதூர் மௌலவி எழுதியது:

இரண்டு பேரும் ஒரே கயிற்றின் இரண்டு முனையைப் பிடித்திருக்கிறீர்கள்.

ஸஹாபாக்கள் (நபித்தோழர்கள்) எப்படிப் படித்தார்கள் என்று தாபிஈன்களில் (அவர்களுக்கு அடுத்த தலைமுறையில்) ஒருவரான அபூ அப்துர் ரஹ்மான் அஸ்ஸுலமீ சொல்கிறார். நபியவர்களிடம் பத்து ஆயத்துகளைக் கற்றால், அவற்றில் உள்ள அறிவையும் செயலையும் கற்றுக்கொள்ளும் வரை அடுத்த பத்துக்குப் போகமாட்டார்களாம். குர்ஆன் இறங்கி முடிய ஏறத்தாழ 23 வருடங்கள் ஆகின. நாங்கள் ஒரு மாதத்தில் முடிக்கிறோம். முடிக்கக் கூடாது என்று சொல்லவில்லை, ஓதுகிற வேகம் வேறு, நடக்கிற வேகம் வேறு. ஆயிஷா நாயகியிடம் நபியவர்களின் குணத்தைப் பற்றிக் கேட்டபோது அவர்களுடைய குணம் குர்ஆனாகவே இருந்தது என்றார்கள். குர்ஆன் உனக்குச் சாதகமாகவோ உனக்கு எதிராகவோ சாட்சி என்பதும் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள ஹதீஸ்தான். ஓதியவருக்கு எதிராகவும் அது பேசும் என்பதை மறந்துவிடக் கூடாது.

திருமலைக் கடைக்காரன் எழுதியது:

எல்லாரும் வியாபாரி தலையில்தான் அரைக்கிறீர்கள். நானும் நெல் வாங்குகிறவன்தான், ஒளிக்கவில்லை. ஆலைக்காரன் என்னிடம் கழிக்கிறான். லொறிக் கூலி நான் கொடுக்கிறேன். காசு வர இரண்டு மாதம் ஆகும், அதுவும் செக். வழியில் நெல் காய்ந்து எடை குறைந்தால் அது என் நட்டம். கழிக்காமல் வாங்கினால் அடுத்த போகத்துக்கு நான் கடையைப் பூட்ட வேண்டியதுதான். ஸூரா முதஃப்பிபீன் எனக்கும் பாடம்தான். ஆனால் ஆலைக்காரனுக்கு யார் ஓதிக் காட்டுவது?

தம்பலகாமத்தான் எழுதியது:

வணக்கம். நான் உங்கள் மார்க்கத்தவன் இல்லை, ஆனால் இந்தக் கதையில் எனக்கும் பங்கு இருக்கிறது. எங்கள் நெல்லை மூன்று சமூகத்து வியாபாரிகளும் வாங்குகிறார்கள், கழிவு வெட்டுவதில் எல்லாரும் ஒரே சாதிதான்!

ஆனால் ஒருவரைச் சொல்ல வேண்டும். கிண்ணியாப் பக்கத்து வியாபாரி ஒருவர் அப்பாவிடம் நெல் வாங்குவார். அவரும் கழிப்பார். ஆனால் கழித்ததைத் தனியாகச் சிட்டையில் எழுதி, ஒரு பிரதியை அப்பாவிடம் கொடுப்பார். ஆலையில் கழிக்காமல் எடுத்தால் அடுத்த தடவை வரும்போது அந்தக் காசைக் கொண்டுவந்து தருவார். யுத்த காலத்தில் பாதை பூட்டி ஒரு போகம் வர முடியாமல் போனது. அதற்கடுத்த போகம் வந்தார், பழைய சிட்டையோடு. அவர் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் ஊரில் கடனுக்கு நெல் ஏற்றிவிடுவார்கள்.

கடைக்காரன் அண்ணைக்கு இது உதவுமோ தெரியாது. எங்களுக்குக் கழிவு பிரச்சினை இல்லை, ஏன் கழிக்கிறீர்கள் என்று தெரியாமல் இருப்பதுதான் எரிச்சல்.

மூதூர் மௌலவி எழுதியது:

தம்பலகாமத்துத் தம்பி சொன்ன வியாபாரி ஆயத்தைச் செய்து காட்டியிருக்கிறார்.

கடைக்காரன் காக்கா, உங்கள் சிரமம் பொய் இல்லை. மார்க்கம் உங்களை நட்டப்படச் சொல்லவுமில்லை. எடையை உள்ளபடி நிறுங்கள், விலையைக் குறைத்துப் பேசுங்கள். "இன்றைக்கு என்னால் கிலோவுக்கு இவ்வளவுதான் தர முடியும், லொறிக் கூலி என் தலையில்" என்று முகத்துக்கு நேரே சொல்லுங்கள். அவர் விரும்பினால் விற்பார், இல்லாவிட்டால் அடுத்த கடைக்குப் போவார். இரு தரப்பும் பொருந்திச் செய்கிற வியாபாரத்தைத்தான் குர்ஆன் ஆகுமாக்குகிறது (4:29). விலை பேசுவது ஹலால். கிலோவைச் சுருக்குவதற்கு இடமில்லை. ஈரக் கருவியை மேசைக்கு மேலே வையுங்கள், பாதிச் சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

வள்ளக்காரன் எழுதியது:

நெல்லுக்கு வந்தது போல கடலுக்கும் கொஞ்சம் வாருங்கள். நான் புல்மோட்டைப் பக்கம்.

மாரியில் வாடைக்காற்று கிளம்பினால் எங்கள் கரையில் வள்ளம் இறங்காது. அந்த மாதங்களில் அடுப்பெரிய முதலாளிதான் கதி. காசு தருவார், வலை தருவார், என்ஜினுக்கும் தருவார். வட்டி ஒரு சதமும் இல்லை, அவர் வட்டி வாங்காத மனிசன், ஹாஜியார். ஒரே ஒரு நிபந்தனை, கடன் தீரும் வரை மீனை அவருக்குத்தான் போட வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. கரையில் மற்றவன் போடும் விலையை விட அது எப்போதும் கீழே. வருடக் கணக்காகப் போட்டும் கடன் அப்படியே நிற்கிறது, ஏனென்றால் ஒவ்வொரு மாரியிலும் திரும்ப வாங்குகிறோம்.

இது வட்டியா இல்லையா? பள்ளியில் கேட்க முடியாது, பள்ளிக் கமிட்டியில் அவரும் இருக்கிறார்.

மூதூர் மௌலவி எழுதியது:

கடன் கொடுத்தவர் அந்தக் கடனைச் சாட்டி நிபந்தனையாக ஒரு லாபத்தை எடுத்தால் அது வட்டியின் கதவுதான் என்று நமது இமாம்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். பெயர் எதுவாக இருந்தாலும் சரி. கடன்பட்டவர் கஷ்டத்தில் இருந்தால் வசதி வரும் வரை தவணை கொடுங்கள், தர்மமாக விட்டுவிடுவது அதைவிட நல்லது என்று சொல்கிற ஆயத் (2:280), வட்டியைத் தடுக்கிற ஆயத்துகளை ஒட்டியே வருகிறது. அதற்கு ஓர் ஆயத் தள்ளித்தான் கடன் எழுதுகிற அந்த நீண்ட ஆயத்.

ஹலாலான வழியும் இருக்கிறது. முதலாளி என்ஜினில் பங்காளியாகட்டும். மீனில் கிடைப்பதை முன்பே பேசிய வீதத்தில் பிரித்துக்கொள்ளட்டும். கடலில் ஒன்றும் கிடைக்காவிட்டால் அந்த நட்டத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. நட்டத்தில் சேர மாட்டேன், விலையில் மட்டும் வெட்டுவேன் என்பதுதான் வினை.

மூதூரான் எழுதியது:

ஒரே குறையாகப் போகிறது, இடையில் ஒன்று சொல்கிறேன். 2006 ஆகஸ்டில் மூதூரை விட்டு உடுத்த உடுப்போடு வெளிக்கிட்டோம். கந்தளாயில் எங்களைப் பார்த்தவர்களும் பெரிய பணக்காரர்கள் இல்லை. பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த எங்களுக்கு வீடு வீடாகச் சோற்றுப் பார்சல் கட்டி வந்தது. தமக்குத் தேவை இருந்தும் மற்றவர்களை முற்படுத்துகிறவர்கள் என்று அன்ஸாரிகளை (அகதிகளாக வந்தவர்களை ஏற்ற மதீனாவாசிகளை) பற்றி வருகிற ஆயத்தை (59:9) எந்த மௌலவி ஓதினாலும் எனக்கு அந்தப் பார்சல்தான் ஞாபகம். ஆகவே "யாருமே குர்ஆன்படி நடக்கவில்லை" என்று எழுதாதீர்கள். ஆபத்து வந்தால் நடக்கிறோம். சாதாரண நாளில்தான் நழுவுகிறது.

நிலாவெளி ராத்தா எழுதியது:

ஆண்கள் எல்லாரும் கடைத்தெருவிலும் கடற்கரையிலும் நிற்கிறீர்கள். வீட்டுக்குள்ளேயும் கொஞ்சம் வாருங்கள்.

பெண்களுக்கு மஹரை (மாப்பிள்ளை மணப்பெண்ணுக்குக் கொடுப்பதை) மனமுவந்து கொடுங்கள் என்பது ஸூரா நிஸாவின் தொடக்கத்தில் இருக்கிறது (4:4). நிகாஹ் அன்று அதையும் அழகாக ஓதுவீர்கள். நடப்பது என்ன? மஹர் என்று ஒரு சின்னத் தொகை பதிவாகிறது. மறுபக்கம் பெண் வீட்டார் வீடு கட்டி முடித்திருக்க வேண்டும், ஓடு போட்டு, மாபிள் பதித்து. எங்கள் கிழக்கில் இது சீதனம் என்று சொல்லக்கூடப் படாது, "வீடு கொடுக்கிறது" என்று சாதாரணமாகச் சொல்லிவிடுவோம். அந்த வீட்டுக்காக வாப்பா கட்டாருக்குப் போகிறார், அவர் முடியாமல் திரும்பினால் காக்கா போகிறார். மூன்று தங்கச்சி இருந்தால் அந்தக் காக்காவின் கல்யாணம் முப்பத்தைந்தைத் தாண்டும்.

1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தில் கைக்கூலிக்கு இடம் இருக்கிறது. பெண் வீட்டார் மாப்பிள்ளைக்குக் கொடுத்த காசைப் பிறகு காதி நீதிமன்றத்தில் திருப்பிக் கேட்கவும் முடியும். எத்தனை பேர் பதிவில் உண்மைத் தொகையை எழுத விடுகிறார்கள்? கேட்டால் "கைக்கூலியா? நாங்கள் வாங்கவே இல்லையே" என்பார்கள்.

வாப்பா மௌத்தான பிறகு அடுத்த கதை. "உனக்குத்தான் வீடு தந்தாச்சே, வயலில் என்ன பங்கு?" ஆணுக்கு இரண்டு பெண்களின் பங்கு என்பது (4:11) எல்லாக் காக்காமாருக்கும் மனப்பாடம். அந்த ஒரு பங்கைப் பெண்ணுக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் அதே ஆயத்தில்தானே இருக்கிறது?

கிண்ணியாக் காற்று எழுதியது:

ராத்தா, நீங்கள் சொன்னதில் ஒன்றும் மிகை இல்லை. ஆனால் காக்காமார் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. எங்கள் ஊரில் வாப்பா பெண்பிள்ளைகளுக்கு வீடும் வளவும் எழுதிவிட்டு மௌத்தாகிறார். ஆண்பிள்ளைகளுக்கு மிஞ்சுவது குத்தகை வயல் அல்லது ஒன்றுமில்லை. அவனும் பெண்சாதி வீட்டில் குடியிருக்கிறான், கோபம் வந்தால் போய் நிற்க ஒரு திண்ணை கிடையாது. உழைத்துக் கட்டியவனும் அவன்தான். இது பெண் ஏமாற்றப்படுகிற ஊரா, ஆண் ஏமாற்றப்படுகிற ஊரா என்று கேட்டால் எனக்குப் பதில் சொல்லத் தெரியாது.

மூதூர் மௌலவி எழுதியது:

இரண்டு வேறு விசயம் ஒன்றாகக் கலந்துவிட்டது. வாப்பா உயிரோடு இருக்கும்போது கொடுத்தது ஹிபா, அன்பளிப்பு. மௌத்தான பிறகு பிரிப்பது வாரிசுச் சொத்து. வீடு வாங்கிய மகளுக்கும் வாரிசுச் சொத்தில் பங்கு இருக்கிறது, அதை யாரும் தடுக்க முடியாது. இலங்கையில் 1931ஆம் ஆண்டு முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டமும் மரண சாசனம் இல்லாத சொத்தை அவரவர் மத்ஹபுப்படிதான் (மார்க்கச் சட்டப் பிரிவுப்படிதான்) பிரிக்கச் சொல்கிறது.

ஆனால் ஹிபா கொடுக்கும்போதே வாப்பாவுக்கு ஒரு கடமை இருந்தது. நுஃமான் இப்னு பஷீரின் தந்தை ஒரு மகனுக்கு மட்டும் கொடுத்துவிட்டு நபியவர்களைச் சாட்சியாக்க வந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் இப்படிக் கொடுத்தீரா என்று கேட்டார்கள். இல்லை என்றதும், அல்லாஹ்வுக்குப் பயந்து பிள்ளைகளுக்கிடையே நீதியாக நடந்துகொள்ளுங்கள் என்றார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் இருக்கிறது. ஆக, மாப்பிள்ளை வீட்டார் வீடு கேட்பதில் பிழை தொடங்குகிறது. அதற்குப் பயந்து வாப்பா நீதி தவறுகிறார், கடைசியில் சகோதரர்கள் தங்கச்சியின் பங்கில் கை வைக்கிறார்கள்.

மாப்பிள்ளைமாரின் உம்மாமார் இந்த இழையை வாசிக்கிறார்களா என்று தெரியவில்லை!

ஓதல்காரன் எழுதியது:

இவ்வளவும் வாசித்த பிறகு காக்காவின் முதல் கேள்விக்கே வருகிறேன். எங்கள் வீட்டில் கடன் கொப்பி கிடையாது. சொந்தத்துக்குள் எழுதினால் "என்னை நம்பவில்லையா" என்று முகம் கறுத்துவிடும். அதற்குப் பயந்துதான் எழுதுவதில்லை.

கிண்ணியாக் காற்று எழுதியது:

எழுதாததால் கறுத்த முகங்கள்தான் ஊரில் அதிகம் தம்பி. மையித்தை (இறந்தவரின் உடலை) தூக்குவதற்கு முன் "மர்ஹூமிடம் யாருக்காவது கொடுக்கல் வாங்கல் இருந்தால் பிள்ளைகளிடம் பேசிக்கொள்ளுங்கள்" என்று சொல்வார்களே, பிறகு பிள்ளைகளிடம் போய் நின்றால் "எழுத்து இருக்கிறதா?" என்பார்கள். கடனோடு இறந்தவருக்கு ஜனாஸா தொழுவிக்க நபியவர்கள் முன்வரவில்லை. அந்தக் கடன் என் பொறுப்பு என்று அபூ கதாதா சொன்ன பிறகுதான் தொழுவித்தார்கள். அவ்வளவு பாரமான விசயத்தைச் சொந்தக்காரனின் முகத்துக்காக விட்டுவிட முடியுமா? சிறியதோ பெரியதோ எழுதச் சடையாதீர்கள் என்று ஆயத்திலேயே வருகிறது. "உங்களை நம்பாமல் இல்லை, ஆயத் இருக்கிறது" என்று சொல்லிப் பாருங்கள்.

நிலாவெளி ராத்தா எழுதியது:

இதில் எனக்கு ஓர் உண்மையான கேள்வி. என் தம்பிக்கு வள்ளத்துக்காக என் நகையைக் கொடுத்திருக்கிறேன், அவன் அடகு வைத்திருக்கிறான். காசாகக் கொடுக்கவில்லை. எப்படி எழுதுவது? 2022இல் ரூபாய் விழுந்தபோது எங்கள் பக்கத்தில் பலருக்கு நகை கொடுத்து, பழைய விலைக்குக் காசுதான் திரும்பி வந்தது. அதில் வந்த மனத்தாங்கல் இன்னும் போகவில்லை.

மூதூர் மௌலவி எழுதியது:

பொன் கொடுத்தால் பொன்தான் கடன், ராத்தா. எடையை எழுதுங்கள், விலையை எழுதாதீர்கள். இத்தனை பவுண், இத்தனை கரட், மாலையா காப்பா என்பது வரை. அதே நகையை மீட்டுத் தருவதா, அதே எடையில் வேறு தருவதா என்பதையும் இப்போதே பேசிவிடுங்கள். அடகின் வட்டிக்கு நீங்கள் பொறுப்பில்லை என்றாலும், அடுத்த தடவை வட்டியில்லாத வழியைத் தம்பி தேடட்டும்.

ஆயத்தில் ஒரு நுட்பம் இருக்கிறது. வாசகத்தைச் சொல்ல வேண்டியது கடன் பட்டவர்தான், கொடுத்தவர் இல்லை. தம்பி தன் வாயால் சொல்லட்டும், அதை எழுதுங்கள். "போகம் பார்த்துத் தாறேன்", "மீன் பட்டால் தாறேன்" என்பதெல்லாம் தவணை இல்லை. திகதி போடுங்கள். தர முடியாமல் போனால் 2:280 இருக்கிறது, நீட்டிக் கொடுக்கலாம். சாட்சிகளையும் வைத்துக்கொள்ளுங்கள்.

வள்ளக்காரன் எழுதியது:

மாரிக்குள் திகதி போட்டுவிடாதீர்கள் ராத்தா, கட்ட மாட்டான். சித்திரைக்குப் பிறகு பார்த்துப் போடுங்கள், கடல் இறங்கியிருக்கும்.

நிலாவெளி ராத்தா எழுதியது:

தம்பியிடம் சொன்னேன். முதலில் ஒரு மாதிரிப் பார்த்தான், பிறகு கொப்பியை அவனே எடுத்துவந்தான். திகதி ஆனி மாதத்துக்குப் போட்டோம். மச்சானும் பக்கத்து வீட்டு ஹாஜியாரும் சாட்சி. காப்பின் எடைதான் இருவருக்கும் சரியாக ஞாபகமில்லை, நகையோ அடகில்.

திருமலைக் கடைக்காரன் எழுதியது:

அடகுச் சீட்டில் எடை போட்டிருக்கும் ராத்தா. அதைப் பார்த்து எழுதிவிட்டு, சீட்டை ஒரு படமும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். தவணைத் திகதியும் அதிலேயே இருக்கும், அது தாண்டினால் ஏலத்துக்குப் போய்விடும். தம்பி ஆனியில் தருவதாக எழுதியிருந்தால் சீட்டின் திகதி அதற்கு முன்னால் விழுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.